இரவல்காரி

எங்கள் தெருவில் இரவல் கேட்டு வருவது ஒன்றும் புதிதல்ல. காப்பித்தூள் கேட்பார்கள், ஏணி கேட்பார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் கேட்பார்கள். மாடிக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் கீழே இறங்கி வந்து, செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, "அத்தை, உங்க வாசக்கதவ ரெண்டு நாளைக்குத் தருவியளா?" என்று கேட்டதுதான் புதிது.

அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சாவியா கேக்க?"

"சாவியில்ல அத்தை, கதவு. கழட்டிக் குடுத்தியன்னா ஞாயித்துக்கிழம சாயங்காலம் நானே கொண்டாந்து மாட்டிருதேன்."

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. குழையவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தபால்காரர் பெயரைச் சொல்லிக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு நின்றாள். நான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு ஏஜென்சியில் வேலை பார்க்கிறவள். எந்தப் பெட்டி எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று தெரியாமல் எதையும் நகர விடாத பழக்கம் எனக்கு. "எதுக்கு?" என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வாசக்கதவக் குடுத்தா நாய் ஏறிரும். பாத்ரூம் கதவு வேணா எடுத்துட்டுப் போ."

கூடப்பிறந்த தங்கைக்கு இடியாப்பக் குழலைக் கொடுக்கவே ரொம்ப யோசிக்கிறவள் என் அம்மா. அவள் வாயிலிருந்து இது வந்ததை நான் இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கப்பலிலிருந்து இறங்கி வந்திருந்த என் அண்ணன், இரண்டு நாளும் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கதவாகக் கட்டிக்கொண்டு குளித்தான். பின்வாசல் காற்றுக்குச் சேலை தூக்கும்போதெல்லாம் "யாரும் இங்கன வந்துராதிய, யாரும் வந்துராதிய" என்று உள்ளேயிருந்து கத்தினான். உலகத்தின் எல்லாத் துறைமுகங்களையும் பார்த்த மனிதன், சொந்த வீட்டுக் குளியலறையில் மானம் காக்கப் போராட வேண்டியிருந்தது.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கதவு வந்தது. அவளே திருப்புளி வைத்து மாட்டினாள். கதவின் கீழ்விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல உப்புதான்" என்றாள்.

அந்தக் கதவை வைத்து அவள் எடுத்த படத்தை வெகுநாள் கழித்துத்தான் பார்த்தோம். கண்ணுக்கு எட்டின மட்டும் உப்பளம். நடுவில் எங்கள் பாத்ரூம் கதவு மட்டும் தனியாக, மூடி நிற்கிறது. முன்னால் அளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மாள், தலையில் உப்புக் கூடையோடு, யாராவது திறப்பார்கள் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். கதவின் மூலையில் என் அண்ணன் சின்ன வயதில் ஒட்டின சோப்பு ஸ்டிக்கர்கூடத் தெரியும். அந்தப் படம் இப்போது வெளிநாட்டில் ஏதோ ஒரு மியூசியத்தின் சுவரில் தொங்குகிறது. அதைப் பற்றி எழுதின ஒரு வெள்ளைக்காரர், அகதிகளுக்கு மூடப்பட்ட உலகத்தின் எல்லைகளை அந்தக் கதவில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு நான் அதைப் படித்துச் சொன்னேன். "மூடப்பட்டா? அது தாப்பாள் போடாட்டி தன்னால தொறந்துக்கிடுமே" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பெரிய மனுஷியாகத் தெரிவாள். எங்களுக்கு அவள் மாடிக்காரி. தெருவுக்கு இரவல்காரி. ஆண்கள் போடுகிற தொளதொளத்த சட்டை, காதுக்கு மேலே வெட்டின முடி, நடக்கும்போது முன்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல ஒரு சாய்வு. அந்தச் சட்டைகளில் பாதி என் அண்ணனுடையவை என்பதை அவன் கப்பலுக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோதுதான் கண்டுபிடித்தான்.

பார்க்கிறதையெல்லாம் கேட்டாள். கேட்டதையெல்லாம் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வந்த சாமான் போன சாமானாக இருக்காது. எதிர்வீட்டு ஆளுயரக் கண்ணாடி, ஓரத்தில் சிப்பி ஒட்டி வந்தது. முத்தையாபுரத்தில் எங்கள் சித்தி வீட்டு மிக்சி, கருவாட்டு வாசனையோடு வந்தது. அதில் தேங்காய் அரைத்த சித்தப்பா ஒரு மாதம் சட்னியே தொடவில்லை. ஒருமுறை அம்மா மல்லிப்பொடி வாங்க மாடிக்கு ஏறிப் போனாள். ஒரு பாய், ஒரு வாளி, கேமரா பை. அவ்வளவுதான் இருந்தது.

"எங்கிட்ட ஒண்ணுமே இல்ல அத்தை. அதனாலதான எல்லார்ட்டயும் கேக்கேன்" என்றாள்.

இதெல்லாம் என்ன தொழில் என்று நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். பத்திரிகையில் அவளைக் 'கருத்தியல் புகைப்படக் கலைஞர்' என்று போட்டிருந்தார்கள். "கருத்துச் சொல்ல வாய் போதாதா, கேமரா எதுக்கு?" என்று அண்ணன் அதற்குள் கேட்டு முடித்திருந்தான்.

அவள் கோபப்படவில்லை. "படம் எடுக்கது கடைசி வேல அக்கா. ஒரு சாமான அது இருக்க வேண்டிய எடத்துலருந்து கேட்டு வாங்கி, இருக்கக்கூடாத எடத்துல கொண்டுபோய் வைக்கணும் பாத்தீங்களா, அதுதான் வேல. கிளிக் பண்ணுதது சும்மா ரசீது மாதிரி."

இருக்கக்கூடாத இடம் என்றால் அவளுக்கு எங்கே வேண்டுமானாலும்தான். வந்த புதிதில் அவள் கலியாணப் படம் எடுத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கலியாணத்தில், மாதா கோயில் பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று, "மாப்பிள்ளைய கொஞ்ச நேரம் தாங்க" என்று கேட்டிருக்கிறாள். கடற்கரையில் நிறுத்தி நாலு படம் எடுப்பாள் என்று நினைத்து அவர்களும் கொடுத்துவிட்டார்கள். இவள் அவனை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலைக்குப் போயிருக்கிறாள். அங்கே கன்டெய்னர் லாரிகள் எறும்பு வரிசையாக நிற்கும். கோட்டும் சூட்டும் ரோஜாப்பூவுமாக மாப்பிள்ளையை இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவில் நிறுத்தி எடுத்து முடித்தபோது, முன்னாலும் பின்னாலும் லாரி நகர்ந்து ஸ்கூட்டர் நடுவில் மாட்டிக்கொண்டது.

கோயிலில் சாமியார் வாசலுக்கும் பீடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன்மார் வேட்டியை மடித்துக்கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளை ஒரு கன்டெய்னர் லாரியின் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி கோயில் வாசலில் வந்து இறங்கினான். அதோடு அவளுக்குக் கலியாண வேலை போயிற்று. ஆனால் அந்தப் படத்துக்குத்தான் வடக்கே ஒரு போட்டியில் முதல் பரிசு வந்தது. மாப்பிள்ளை விறைத்து நிற்கிறான்; பக்கத்தில் லுங்கியோடு ஒரு டிரைவர் பல் துலக்கிக்கொண்டே அவனைப் பரிதாபமாகப் பார்க்கிறார். அந்தக் கலியாணப் பெண்ணை இரண்டு வருஷம் கழித்து மார்க்கெட்டில் பார்த்தேன். "அன்னைக்கு அவுக ஓடிட்டாகன்னுதான் நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "ஒரு அர மணி நேரம் நிம்மதியாத்தான் இருந்துச்சு" என்றும் சொன்னாள்.

ஆலந்தலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர்க் கோயிலில், சாமான் அறையில், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவம் கேட்கிற பழைய பாவசங்கீர்த்தனப் பெட்டி ஒன்று கிடந்தது. மரம் உளுத்து, ஒருபக்கத் திரை கிழிந்து, யாரும் சீந்தாத பெட்டி. அதைக் கேட்டுப் போனாள். இவளோ நாசரேத் பக்கத்து புராட்டஸ்டண்ட் சபைக்காரி. பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு எந்தப் பக்கம் முழங்கால் போடுவது என்றே தெரியாது. அந்தக் கோயிலைப் பார்க்கிற பங்குச்சாமியார் நல்ல மனிதர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "யாரும் உள்ள உக்காந்து கேலி பண்ணக் கூடாது."

பெட்டி ஒரு குட்டியானை வண்டியில் ஏறிக் கடற்கரைக்கு, மீன் ஏலம் விடுகிற இடத்துக்குப் போனது. இவள் கேமராக் காலை விரித்து வைத்து வெளிச்சம் பார்ப்பதற்குள், காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்தி ஏலம் விட்டுக் களைத்திருந்த ஏலக்கார அண்ணாச்சி, நல்ல நிழலாக இருக்கிறதே என்று உள்ளே போய் உட்கார்ந்து தூங்கிவிட்டார். அவர் உள்ளே இருப்பதைப் பார்த்த ஒரு மீன்காரம்மா மறுபக்கம் முழங்காலில் நின்று, வலைக்கண் வழியாக, தன் சீலா மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டு வாங்கியும் அண்ணாச்சி விழிக்கவில்லை.

சங்கதி சாமியாருக்குப் போய்ச் சேர அதிக நேரமாகவில்லை. கூப்பிட்டு விசாரித்தார்.

"உள்ள யாரும் உக்காரக்கூடாதுன்னுதான சொன்னேன்?"

"உக்காந்து கேலி பண்ணக்கூடாதுன்னு சொன்னீங்க சாமி. அவர் தூங்கத்தான் செஞ்சார்."

சாமியார் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாராம். பிறகு மெதுவாக, "நானும் சில நேரம் உள்ள கண் அசந்திருக்கேன். அத வந்து எடுத்துராத" என்று சொல்லி அனுப்பினாராம்.

அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டுக்கு ஒரு வாத்தியார், ஒரு நர்ஸ் என்று கணக்காக இருக்கிற ஊரில், இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கைநிறையச் சம்பளம் கொடுத்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த மகளைப் பற்றி என்ன சொல்வது? "பிள்ள தூத்துக்குடியில ஸ்டுடியோ வச்சிருக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். அதை அவரே நம்பவும் ஆரம்பித்து, ஒருநாள் பார்க்க வருவதாகப் போன் செய்துவிட்டார்.

இவளுக்கு ஸ்டுடியோ ஏது? மாடியில் இருந்தது ஒரு பாயும் ஒரு வாளியும்.

வழக்கம்போல இரவல் கேட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஒரு அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, உங்க கடைய ஒரு நாளைக்குக் குடுங்க" என்றாள். அவர் மகளைப் பெண் பார்க்க வருகிற நாள் அது. எப்படியும் கடையை அடைப்பதாக இருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டார். கல்லாவில் உட்கார ஆள் வேண்டுமென்று என்னையும் லீவு போடச் சொல்லி இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், குடையோடு வந்தார். திரையைத் தொட்டுப் பார்த்தார். விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்தார். சுவரில் தொங்கின, கோயிலில் முதல் நற்கருணை வாங்கின யாரோ பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது நீ எடுத்ததா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றாள். அண்ணாச்சி எடுத்ததெல்லாம் அவள் எடுத்ததாயிற்று. நடுவில் நிஜமான வாடிக்கைக்காரர்கள் வேறு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆதாருக்கு, பாஸ்போர்ட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப. எல்லாரையும் எடுத்தாள். அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு அடக்கமாக அவள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. "நாடிய கொஞ்சம் தூக்குங்க. ம், அப்படியே" என்று அச்சு அசல் ஸ்டுடியோக்காரி. கடைசியில் அப்பாவையும் ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தாள். அவருக்குப் பெருமையில் முகம் கொள்ளாத சிரிப்பு.

பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். இவள் கடையைக் கழுவிவிட்டுப் பூட்ட வேண்டியிருந்தது. பஸ் கிளம்புகிற நேரம் அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து என்னிடம் சொன்னார்:

"வெளிய போர்டுல வேற ஆள் பேரு போட்டிருந்துச்சும்மா. நானும் கேக்கல. அவட்ட சொல்லாண்டாம்."

நான் சொன்னேன். வந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். அவள் துடைப்பத்தோடு நிமிர்ந்தாள். "அப்ப எதுக்கு அந்தச் சிரிப்புச் சிரிச்சாரு?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் எங்கள் மாடியில் இல்லை. ஏதோ குளிர்தேசத்தில் இருக்கிறாள்; அங்கே ஒரு கிழவரிடம் அவருடைய பியானோவைக் கேட்டுத் தொந்தரவு செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. மாடியில் ஒரு பேங்க்காரர் இருக்கிறார். எதையும் கேட்பதில்லை. அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா தோணியில் தண்டலாக இருந்தவர். அதாவது தோணியை ஓட்டிப்போகிற தலைவர். நான் பாவாடை கட்டின வயதில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனார். தோணி திரும்பி வந்தது. ஆட்களும் வந்தார்கள். அப்பா வரவில்லை. அங்கே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார் என்று தோணிக்காரர்கள் அம்மாவிடம் மட்டும் வந்து சொன்னார்கள். ஊருக்கு நாங்கள் சொன்னது வேறு. "அப்பா கடல்ல போயிட்டார்" என்போம். பொய்யென்று சொல்ல முடியாது. கடல் வழியாகத்தான் போனார்.

கேட்டவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். அம்மாவுக்குத்தான் சங்கடம். தாலியைக் கழற்றவும் மனமில்லை, கழுத்தில் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்கவும் முடியவில்லை. கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். விடிகாலைப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவாள். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒருநாள் மாடிக்காரி இறங்கி வந்து என்னிடம், "அக்கா, உங்கம்மாவ ரெண்டு மணி நேரம் இரவல் தருவியளா?" என்றாள்.

"அது என்ன மிக்சியா? அம்மாட்டயே கேளு" என்றேன்.

"கேட்டுட்டேன். மகள்ட்ட கேளுன்னாவ."

அம்மா உள்ளேயிருந்து, "ஒரு சாமானும் எடுத்துட்டு வரணுமாம்ளா. வீட்டுல ரொம்ப நாளா வெளிய போகாத சாமானா பாத்து" என்றாள். சொல்லிக்கொண்டே அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தாள். எதை எடுக்கப்போகிறாளோ என்று பார்த்தேன். அப்பாவின் கலியாணக் கோட்டை எடுத்தாள். காப்பிக்கொட்டை நிறம், அந்துருண்டை வாசனை.

கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள் மாடிக்காரி. அம்மா கரையிலேயே நின்றாள். மணலில் கால் விரலை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வா என்று மாடிக்காரி ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. கேமராவில் எதையோ நோண்டுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மா தானாகவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"கோட்ட மடில வச்சுக்கிடுதியளா அத்தை?"

"மடில எதுக்கு வைக்கணும்? கைக்குழந்தையா அது?" என்று சொல்லி, அம்மா கோட்டை உதறி மாட்டிக்கொண்டாள். சேலைக்கு மேலே கோட்டு. கையை உள்ளே விட்டு, பொத்தானைப் போட்டு, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு அலை வந்து நாற்காலியோடு அவளைச் சரித்தது. நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்த் தூக்கினால், அம்மா உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுபடியும் உட்கார்ந்தாள். படம் அப்போது எடுத்ததுதான். ஈரக் கோட்டு, கால்மேல் கால், பின்னால் கடல், வாய்கொள்ளாத சிரிப்பு.

படத்துக்கு அவள் வைத்த பெயர்: 'கணவர்'.

பத்திரிகையில் அது வந்தபோது அண்ணன் நடுக்கடலில் இருந்தான். யாரோ புண்ணியவான் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். சிக்னல் கிடைத்ததும் போன் செய்தான்.

"அப்பா கோட்ட மாட்டிக்கிட்டு அம்மா கடலுக்குள்ள உக்காந்து சிரிச்சிட்டிருக்கா. ஏளா, நீ என்ன செஞ்சிட்டிருந்த?"

"நான் குடை பிடிச்சிட்டிருந்தேன்."

"குடும்ப மானம் கப்பல் ஏறிட்டு!"

"நீயும்தான் ஏறியிருக்க. ரெண்டு பேரும் பத்திரமா வாங்க."

மாடியை உடனே காலி செய்யச் சொல் என்று குதித்தான். அம்மா போனை வாங்கினாள். "மாடிய காலி பண்ணச் சொன்னன்னா கீழயும் காலியாயிரும், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் மாடிக்காரி, தன் படங்களைக் கொழும்பில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பெட்டி கட்டினாள். "அத்தை, கொழும்புலருந்து என்ன வேணும்?" என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கும் நாங்கள் ஊருக்குச் சொன்ன கதையைத்தான் சொல்லியிருந்தோம். அம்மா அவளை நேராகப் பார்த்தாள். "தேயில நல்லாருக்கும் அங்கன" என்றாள். அவ்வளவுதான்.

தேயிலை வந்தது. ஒரு மாதம் போல ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து இட்லி அவித்துக்கொண்டிருக்கும்போது மாடிக்காரி போனைக் கையில் நீட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். "அத்தை, உங்களுக்குத்தான். கொழும்புலருந்து ஒரு பொண்ணு."

ஸ்பீக்கரில் இருந்தது. இலங்கைத் தமிழில் ஒரு இளம் குரல். "நான் கண்காட்சியில அந்தப் படத்தைப் பார்த்தனான். தூத்துக்குடி எண்டு போட்டிருந்ததால வீட்டில அப்பாக்குக் காட்டினன். அப்பா அந்தக் கோட்டைத்தான் முதல்ல அடையாளம் கண்டவர். பிறகுதான் உங்களை."

அடுப்பில் இட்லிப் பானை சீறிக்கொண்டிருந்தது. யாரும் அணைக்கவில்லை. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"நீ என்ன பண்ணுதம்மா? படிக்கியா?"

"வேலை செய்யிறன்."

"அம்மா நல்லாருக்காளா?"

"இருக்கிறா."

"அவருக்கு முட்டு வலிக்குமே. இப்ப எப்படி?"

"கஷ்டப்பட்டுத்தான் நடக்கிறார். பக்கத்திலதான் இருக்கிறார். போனைக் குடுக்கட்டா?"

அம்மா யோசித்தாள். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. முன்பே யோசித்து வைத்திருந்ததைத் தேடி எடுத்தாள்.

"வேண்டாம்மா. அவர்ட்ட ஒண்ணு மட்டும் சொல்லிரு. அந்தக் கோட்டு எனக்குத்தான் சரியா இருக்கு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். நான் மாடிக்காரியைப் படிக்கட்டில் மறித்தேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"உண்மையச் சொல்லு. தெரிஞ்சுதான் அங்கன கொண்டுபோனியா?"

"சத்தியமாத் தெரியாதுக்கா" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. இரண்டு படி ஏறினவள் திரும்பி நின்று, "தெரிஞ்சிருந்தா இன்னும் பெருசா பிரிண்ட் போட்டிருப்பேன்" என்றாள்.

அவளை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் இங்கேயே ஒரு கண்காட்சி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற ஒரு கிட்டங்கியைக் கேட்டு வாங்கினாள். இடமும் இரவல்தான். இதுவரை சாமான் கொடுத்த எல்லாரையும் கூப்பிட்டாள். எல்லாரும் வந்தார்கள். கலை பார்க்க வரவில்லை. அவரவர் சாமானைப் பார்க்க வந்தார்கள். ஏலக்கார அண்ணாச்சி, தான் தூங்குகிற படத்துக்கு முன்னால் நின்று வருகிறவர்களிடமெல்லாம் "அன்னைக்கு எனக்கு உடம்புக்கு முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் போட்டோ அண்ணாச்சி ஒவ்வொரு படமாகப் பார்த்து, "முகத்துல வெளிச்சம் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னார். விடுமுறையில் வந்திருந்த என் அண்ணன் பாத்ரூம் கதவுக்கு முன்னால் போய் நின்றவன், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. அம்மாவின் படம் எதிர்ச் சுவரில் இருந்தது.

அம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். தன் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கோயிலில் அவளுக்கு முந்தின பெஞ்சில் உட்காருகிற ஒரு கிழவி கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, கிட்டங்கி முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"ஏளா, கீழ 'கணவர்'னு எழுதியிருக்கு. நீதான் இருக்க. புருசன எங்க?"

நாங்கள் சொல்லிவந்த கதையை நம்பினவர்கள் தலையைக் குனிந்தார்கள். அண்ணன் கதவுப் படத்திலிருந்து திரும்பினான். நான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"கொழும்புல இருக்காரு" என்றாள் அம்மா.

"கடல்ல போயிட்டாருன்னுல்லா சொன்னீய?"

"கடல்லதான் போனாரு. போய் அங்கன எறங்கி இன்னொருத்தியோட இருந்துட்டாரு. ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு. நல்ல பிள்ள, மரியாதையாப் பேசுது. அவருக்குத்தான் முட்டு வலி."

கிழவி நெஞ்சில் சிலுவை போடக் கையைத் தூக்கினாள். எதற்குப் போடுவது என்று தெரியாமல் கை பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே படத்தில் கோட்டின் பொத்தானைத் தொட்டாள். "உனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றாள்.

அண்ணன் வெளியே போனான். பைக் கிளம்பும் என்று காத்திருந்தேன். கிளம்பவில்லை. சற்று நேரம் கழித்து எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். முதல் கிளாஸை அம்மா கையில் கொடுத்தான்.

மாடிக்காரி தூணில் சாய்ந்து நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கிக் கிடந்தது. அம்மாவின் பக்கத்தில் வந்து, காதுக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அத்தை, இந்த ஊர்ல நான் எடுத்திருக்க வேண்டிய படம் இதுதான். கேமராவ மாடியில வச்சிட்டு வந்துட்டேன்."

அம்மா டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"நல்லவேள" என்றாள். "கையில இருந்திருந்தா, வெளிச்சம் சரியில்ல, இன்னொருக்கச் சொல்லுங்கம்ப."